கட்டிய அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்த்தவள்

சென்னையில் நான் படித்த பெண்கள் கல்லூரி விடுதியில், மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். இன்றைக்கும் பழைய தோழிகள் கூடும் இடத்தில் யாராவது அவளைப் பற்றிப் பேச்செடுத்தால், நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அவளைப் பற்றி யாரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

ஈரோட்டுக்காரி. அப்பா ரயில்வேயில் கார்டு. நெடுநெடுவென்று உயரம், அந்த உயரத்துக்குச் சற்றும் பொருந்தாத சின்னக் குரல். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, அதே பென்சிலை அறை முழுக்கத் தேடுவாள். நாங்கள் இருவரும் மனையியல் படித்தோம். வகுப்பில் பெரும்பாலும் அவள் முதல், நான் இரண்டாவது. எப்போதாவது நான் முதலாவதாக வந்தால் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிச் சந்தோஷப்படுவாள். அது நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எந்தக் காரியத்தையும் செய்து முடித்த கையோடு அவள் விட்டுவிடமாட்டாள். சில நாள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். "வா புள்ளே, போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும். முதல் வருஷம் விடுதிச் சமையல்காரம்மா வெறுங்காலோடு ஈரத்தில் நின்று நின்று காலில் சேற்றுப்புண் வந்து அவதிப்பட்டாள். நான்தான் அறை அறையாகச் சொல்லி ஏற்பாடு செய்து ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வார்டன் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். பத்து நாள் கழித்து இவள் சமையல்கட்டுக்குப் போய்விட்டு வந்து, அந்த அக்கா செருப்பைப் போடுவதே இல்லை, அளவு சின்னது, சொன்னால் நம் மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் இருக்கிறார்கள் என்றாள். அன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டும் வந்துவிட்டாள். செருப்பு வாங்கிக் கொடுத்தவள் நான். ஆனால் அதற்குப் பிறகு கல்லிலிருந்து எடுக்கிற முதல் தோசை அவள் தட்டில்தான் விழுந்தது.

இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துகொண்டே போனது. அவள் என்னிடமிருந்து எதையும் பறித்ததில்லை. நான் செய்து முடித்ததாக நினைத்த இடத்திலிருந்து அவள் ஆரம்பிப்பாள்; அவ்வளவுதான்.

எங்கள் இரண்டாம் வருஷத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. படிப்பு நான்கு சுவருக்குள் நின்றுவிடக்கூடாது, ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஊருக்கு நிலைத்து நிற்கும் நன்மை ஒன்றைச் செய்யவேண்டும், சிறப்பாகச் செய்யும் கல்லூரிக்குக் கேடயம் உண்டு என்று அதில் இருந்தது. எங்கள் பேராசிரியை மிஸ், புகையில்லா அடுப்பு கட்டலாம் என்றார். மண்ணாலேயே கட்டுவது, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பாத்திரம் கொதிக்கும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, விறகும் பாதி மிச்சம், மலையில் மரமும் நிற்கும் என்று மிஸ் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது எனக்குச் சிலிர்த்தது. எங்கள் செஞ்சி மலைகளில் பாறைதான் மிஞ்சியிருக்கிறது என்று எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், அடிக்கடி சொல்வார். தலைச்சுமையாக விறகு இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் எழுந்து நின்று, எங்கள் ஊர்ப்பக்கம் போகலாம் மிஸ் என்றேன். முகாமுக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, அவளுக்குத் தெரியாத ஒரு இடம் எனக்குத் தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்த கையோடு இருபது பேர் போனோம். செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில் ஒரு வேதக்காரர் ஊர். மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பத்து நாளில் முப்பது வீடுகளில் அடுப்பு கட்டவேண்டும் என்று திட்டம். வட்டார வளர்ச்சி அதிகாரி வந்து தொடங்கி வைத்தார்; நான் வரவேற்புரை சொன்னேன். மண் குழைப்பது, செங்கல் அடுக்குவது, சுட்ட மண்குழாயைக் கூரை வழியாக ஏற்றுவது என்று வேலை வேகமாக நடந்தது. யார் எந்த வீடு, எத்தனை குழாய், எல்லாம் என் நோட்டில் இருந்தது. மிஸ், "நீ இல்லேன்னா இந்த முகாமே இல்லை" என்றார். அந்த வாக்கியத்தை இரண்டு நாள் மனதுக்குள் வைத்து மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். ராஜகிரி உச்சிவரை ஏறி, களஞ்சியம், யானைக்குளம், கல்யாண மகால் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, எனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னேன். போட்டோ எடுத்தோம். அவள் மட்டும் வரவில்லை. அந்தோணியம்மா என்ற ஒருத்தி வீட்டில் அன்றைக்குத்தான் புது அடுப்பு முதலில் எரியப்போகிறது, அதைப் பார்க்காமல் எப்படி வருவது என்று இருந்துவிட்டாள். சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது, அவள் அந்தோணியம்மா வீட்டு வாசலில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாலைந்து பெண்களோடு அடுப்புக்கு முள் ஒடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏதோ சொல்ல, அவள் "இன்னா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு யாரும் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. நான் அவர்களுக்குச் செஞ்சிக் கடைக்காரர் மகள். வணக்கம் சொல்லி எழுந்து நிற்பார்கள்.

முகாமின் கடைசி நாள் எல்லாரையும் எங்கள் வீட்டில் சாப்பிட அழைத்திருந்தார் நைனா. எங்களுக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிது எடுப்பது, ஈயம் பூசக் கொடுப்பது என்று எப்போதும் ஆள் இருக்கும். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, இவள் கடைப்பக்கம் போய்விட்டாள். நான் தேடிப் போனபோது, மூலையில் குவித்திருந்த பழைய பாத்திரங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நைனாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நைனா ஒரு சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "சவுக்கு எரிச்சா அடி இப்டி வழவழன்னு இருக்கும்மா. வரட்டின்னா சாம்ப நெறம். இது மல்லாட்டைத் தோலு. பாரு, பிசின் மாதிரி ஒட்டும், சொரண்டினாலும் போவாது. நீங்க அடுப்பு கட்டுன ஊருலருந்து வர்றது எல்லாம் இப்டித்தான் வரும். அவங்க வெறகு வாங்கி எரிக்கறவங்க இல்ல. மல்லாட்டைத் தோலும் முள்ளும்தான்."

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதன் தோலை அடுப்பில் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அவள் அந்தச் சட்டியை வாங்கி விரலால் தேய்த்து, மோந்து பார்த்தாள். பிறகு சன்னமாக, "அப்போ நம்ம அடுப்புக்கு வாய் சின்னதுங்களா?" என்று கேட்டாள். நைனா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தேன். பாத்திரத்தின் அடியைப் பார்த்து, அந்த வீட்டில் என்ன எரிகிறது என்று நைனா சொல்வார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டதே இல்லை.

பஸ் ஏறும்போது நைனா அவளிடம், "லீவுக்கு வாம்மா" என்றார். என்னிடம் பத்திரமாகப் போ என்றார்.

வந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு என்னோடு செஞ்சிக்கு வந்தாள். வந்த மறுநாளே, அந்த அடுப்பெல்லாம் எரிகிறதா, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். வெயில் அதிகம், எனக்குத் தலைவலி என்று நான் படுத்துக்கொண்டேன். காலை பஸ்ஸில் போனவள் சாயங்காலம் முகமெல்லாம் கருத்துத் திரும்பினாள். அம்மா மோர் கொடுக்க, குடித்துவிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ஆறே ஆறு வீட்டில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளில் ஒன்றில் கோழி அடைகாத்தது, ஒன்றில் உப்புப்பானை உட்கார்ந்திருந்தது. முள்ளுக் கட்டு நுழையாத வாய், தோலைப் போட்டால் அணைந்துபோகும் குழி, பிசின் போன்ற கரி அடைத்துக்கொள்ளும் குழாய் என்று ஒவ்வொரு வீடாகக் காரணம் எழுதியிருந்தாள். என்ன மாற்றவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். வாயை அகலமாக வைக்கவேண்டும். குழாயைக் கூரை வழியாக விடாமல் சுவர் வழியாக விடவேண்டும். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம். 'குழாயில் அடைந்த கரி பற்றினால் பொறி பறக்கிறது. ஓலைக் கூரை வீடுகளில் இது ஆபத்து.'

"ரிப்போர்ட்டோட சேத்துரு புள்ளே" என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் ஏற்கெனவே அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். முப்பது வீட்டிலும் புகை நின்றது என்று எழுதியிருந்தேன். 'ஒரு கிராமத்தின் கண்ணீரைத் துடைத்தோம்' என்று முடித்திருந்தேன். அந்த வரிக்காக ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். அவளுடைய இரண்டு பக்கத்தைச் சேர்த்தால் என்னுடைய பன்னிரண்டு பக்கமும் பொய்யாகிவிடும். எனக்கு அதைவிட இன்னொன்று உறுத்தியது. படிக்கிறவர்கள், இந்த இரண்டு பக்கத்தை எழுதியது யார் என்று கேட்பார்கள்.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே அந்தக் காகிதங்களை வைத்தேன். ஒரு வாரம் கழித்து, "சேத்தியா?" என்று கேட்டாள். "சேத்துட்டேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கொண்டையில் இருந்த பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.

கேடயம் எங்கள் கல்லூரிக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக மண்டபத்தில் மேடையேறி வாங்கியவள் நான். கண்ணீரைத் துடைத்த வரியை மேடையில் ஒருவர் வாசிக்கக் கைதட்டல் எழுந்தது. கீழே மூன்றாவது வரிசையில் அவள் எல்லாரையும்விட உயரமாகத் தெரிந்தாள். கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள்தான் எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. ஒரே நாள்.

அடுத்த வருஷம் முகாம் மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு ஊரில் என்று முடிவாயிற்று. இந்தமுறை பல்கலைக்கழகமே எங்கள் அறிக்கையை வைத்து அடுப்பின் படத்தை அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதே சின்ன வாய்; கூரை வழியாக அதே குழாய். புறப்படும் சமயத்தில் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தந்தி வந்து, அவள் ஈரோட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. சென்ட்ரலில் ரயில் ஏறும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அந்த ரெண்டு பக்கத்தப் பாத்துக் கட்டுங்க புள்ளே. வாய் பெருசா இருக்கட்டும். குழாய் செவுத்துல."

தலையாட்டினேன். ரயில் நகர்ந்ததும் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பத்து நாள் அவள் இல்லாத முகாம்.

முதல் நாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ் என்னிடம் கேட்டார். "போன வருஷம் கட்டினதெல்லாம் நல்லா எரியுதில்லே? உன் ஊராச்சே, நீ பாத்திருப்பே." அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் கேடயத்தைப் பற்றியும் சொல்லவேண்டிவரும். "எரியுது மிஸ்" என்றேன். படத்தில் உள்ளபடியே இருபத்தைந்து அடுப்பு கட்டினோம். எல்லாம் கரும்புத்தோகைக் கூரை வீடுகள். ஒரு வீட்டுக்காரி, கன்னியம்மா என்று பேர், கூரையில் ஓட்டை போடும்போது கொஞ்சம் தயங்கினாள். நான் அவளுக்குப் பத்து நிமிஷம் விளக்கம் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். நன்றாகப் பேசினேன் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

பங்குனி மாதம். இறுதிப் பரீட்சை நெருங்கிவிட்டது. விடுதியில் தபால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார்டில் நைனாவின் கையெழுத்தைப் பார்த்துக் கை நீட்டினேன். தபால் பிரித்த பெண், உனக்கு இல்லை என்று சொல்லி அவளிடம் கொடுத்தாள். என் அப்பா அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவள் படித்து முடிக்கும்வரை என் மனதில் ஓடியது அந்த ஒன்றுதான்.

படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மலையனூர்ப் பக்கத்து ஊரில் ஒரு வீடு எரிந்துவிட்டது. அடுப்புக் குழாயிலிருந்து பொறி பறந்து கூரை பற்றியிருக்கிறது. ஏணையில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த கன்னியம்மாவுக்கு வலது கை வெந்துவிட்டது. குழந்தை பிழைத்தது. அவள் புருஷன் புதுப் பாத்திரம் எடுக்கக் கடைக்கு வந்தபோது இதைச் சொன்னானாம். 'மற்ற வீட்டுக் குழாய்களையும் யாராவது வந்து பார்த்தால் நல்லது அம்மா' என்று நைனா முடித்திருந்தார்.

அவள் அப்போதே பெட்டியை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை செய்முறைப் பரீட்சை என்று ஞாபகப்படுத்தினேன். அதற்குள் வந்துவிடுவேன் என்றாள். ஒரு நிமிஷம் நின்று, "செவுத்துல குழாய் விடச் சொன்னமே, கேக்கலையா அவங்க?" என்றாள். மேஸ்திரி கேட்கவில்லை என்று சொன்னேன். இல்லாத மேஸ்திரி. எங்கள் முகாமில் மேஸ்திரியே கிடையாது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. நான் பரீட்சை எழுதினேன். என் பக்கத்து மேடையில் அவள் எண் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. அவள் பிறகு செப்டம்பரில்தான் எழுதித் தேறினாள். செப்டம்பரில் எழுதுகிறவர்களுக்குத் தரவரிசை கிடையாது. அந்த வருஷத்துப் பல்கலைக்கழகப் பதக்கம் எனக்கு வந்தது. அதை வைத்துத்தான் அதே கல்லூரியில் வேலை கிடைத்தது, முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். அவள் ஏதோ ஒரு வட்டார அலுவலகத்தில் கிராம சேவிகா வேலைக்குப் போய், ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்த மறுநாள் மலையனூர் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று நான் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. குற்ற உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நைனா காலையில் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு அங்க ஒண்டியா கஷ்டப்படுது" என்று இரண்டு தடவை சொன்னார். அதைத் தாங்கமுடியாமல்தான் போனேன் என்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஊர் நுழையும்போதே வரிசையாக அடுக்கி வைத்த மண்குழாய்கள் தெரிந்தன. இருபது வீட்டுக்குமேல் பிரித்துவிட்டிருந்தாள். கூரை ஓட்டைகளைப் புதுத் தோகை வைத்து ஆட்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு வீட்டின் பின்சுவரில் கடப்பாரையால் குழாய்க்கு வழி குடைந்துகொண்டிருந்தாள். தலையெல்லாம் மண். கூட இரண்டு பெண்கள், அகலமான வாய் வைத்து அடுப்பைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "பரீட்சை நல்லா எழுதுனியா?" என்றாள். முதல் கேள்வி அதுதான்.

அந்தப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் நான் சேர்க்கவில்லை, அது என் பெட்டியில் இருக்கிறது, மிஸ் கேட்டபோது எரிகிறது என்று சொன்னேன், மேஸ்திரி என்று யாரும் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள். கோபப்படுவாள், அழுவாள், என்னை அடிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதற்காகக் காத்திருந்தேன். ஒருமுறையாவது அவள் நிதானம் தவறினால் நானும் அவளும் சமம் ஆகிவிடலாம்.

அவள் வெகுநேரம் கையில் ஒட்டிய மண்ணை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் போய்ப் பாத்தேன்" என்றாள். "நீ சொன்னத மட்டும் பாக்கல. நீ சொன்னாச் சரின்னு விட்டுட்டேன். மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்தக் கூரை எரிஞ்சிருக்காது."

நான் செய்ததில் அவள் பாதியை எடுத்துக்கொண்டாள். செருப்பு, நைனா, ஊர்ப்பேச்சு எல்லாம் போன பிறகு, இந்தக் குற்றம் ஒன்றுதான் முழுசாக எனக்கென்று இருந்தது. அதிலும் பங்கு கேட்டாள். அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது என்று சொன்னால் என்னை என்ன நினைப்பீர்களோ தெரியவில்லை. ஆனால் வந்தது.

பிறகு சொன்னாள், "எங்கிட்டச் சொன்னது போதாது. அவங்ககிட்டச் சொல்லு."

கன்னியம்மா எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில், கீற்று மறைப்பு ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. இடது கையால் ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கரிந்த மூங்கில்களைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவள் முன்னால் போய் நின்றேன்.  அந்த அடுப்பு உங்களுக்குச் சரிப்படாது, கூரையில் குழாய் விட்டால் பொறி பறக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

கன்னியம்மா ஏணையை ஆட்டுவதை நிறுத்தினாள். "தெர்ஞ்சிதான் கட்டுனியா?" என்றாள்.

"ஆமா."

"எங்கிட்ட அம்மாம் நேரம் பேசுனியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் புருஷன் மூங்கிலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். என்னோடு வந்து பக்கத்தில் நின்றவள் எனக்காக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாருக்காகவும் பேசுகிறவள். இவளும் சின்னப் பொண்ணுதான், பயத்தில் செய்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை.  அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏணைக்குள் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. சாபம் கொடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். என்னைக் கடந்து அவளைப் பார்த்து, "காலையிலருந்து ஒண்ணும் துன்னாம குடையற. குந்து" என்றாள். புருஷனிடம் திரும்பி, மறைப்புக்குள் கூழ் இருக்கிறது, அதுக்கு ஊற்றிக்கொடு என்றாள். அவன் சட்டியை எடுக்கப் போனான். அப்போது நான் இன்னும் அங்கேயே நிற்பது கன்னியம்மாவுக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

"கூட வந்ததுக்கும் ஊத்து" என்றாள்.

அந்த ஊரில் பத்து நாள் முகாம் நடத்தியவள் நான். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் கூரையில் ஓட்டை போட அனுமதித்தார்கள். அவள் அந்த ஊருக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அலுமினியக் கிண்ணத்தில் கூழ் வந்தது. அவள் பசியோடு குடித்தாள். நானும் குடித்தேன். அந்தக் கூழ் எனக்காக ஊற்றப்பட்டது இல்லை என்று ஒவ்வொரு வாய்க்கும் தெரிந்துகொண்டே இருந்தது.